ஓவர்டிரைவா, கூடுதல் ஹெர்ட்ஸா, ஸ்ட்ரோபிங்கா? எல்சிடி கேமிங் மானிட்டரில் மங்கலைக் குறைக்கும் வழிகள்

கேமில் கேமராவைச் சட்டென்று திருப்பும்போது எதிரில் ஓடுபவரின் தலைக்கு மேலுள்ள பெயர் கரைந்துபோகிறது. திருப்புவதை நிறுத்திய மறுகணம் எழுத்துகள் தெளிவாக வந்து நிற்கின்றன. இதைச் சரிசெய்யக் கிளம்பும் பலரும் ஒரே இடத்தில் சிக்கிக்கொள்கிறார்கள். 144 ஹெர்ட்ஸ் (செகண்டுக்கு 144 முறை படத்தைப் புதுப்பிக்கும்) மானிட்டரை மாற்றி 240 வாங்குவதா, இருப்பதிலேயே ஸ்ட்ரோபிங் (திரைக்குப் பின்னுள்ள விளக்கை விட்டுவிட்டு மின்னவிடுவது) போட்டுப் பார்ப்பதா, பிக்சலை வேகமாக நிறம் மாறத் தள்ளும் ஓவர்டிரைவைக் கடைசி நிலைக்கு ஏற்றினால் போதுமா?

இந்த மூன்றும் ஒரே நோய்க்கான மூன்று மருந்துகள் அல்ல. ஓவர்டிரைவ் ஒரு வகை மங்கலைக் குறைக்கிறது. மற்ற இரண்டும் வேறொரு வகையைக் குறைக்கின்றன. உங்கள் திரையில் எது அதிகம் என்று தெரியாமல் காசைப் போட்டால், புது மானிட்டரிலும் அதே மங்கலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க நேரும்.

## உங்கள் மங்கல் எந்த வகை?

முதல் வகை பிக்சலின் சோம்பலால் வருவது. திரவப் படிகம் ஒரு நிறத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறச் சில மில்லி செகண்ட் எடுக்கும். அந்த நேரத்தில் பழைய படத்தின் சாயல் பொருளுக்குப் பின்னால் வால்போல் இழுபடும். இதைத்தான் கோஸ்டிங் என்கிறோம். வால் எப்போதும் ஒரு பக்கம்தான் இருக்கும், பொருள் போகும் திசைக்கு எதிர்ப்பக்கம்.

இரண்டாவது வகைக்குப் பிக்சல் காரணமே இல்லை. எல்சிடி திரை ஒரு ஃப்ரேமை, அதாவது ஒரு தனிப் படத்தைக் காட்டிவிட்டு, அடுத்தது வரும்வரை அதை அப்படியே பிடித்து வைத்திருக்கிறது. 60 ஹெர்ட்ஸில் அது 16.7 மில்லி செகண்ட். ஆனால் ஓடும் பொருளைத் தொடரும் கண் நிற்பதில்லை, வழுக்கிக்கொண்டே போகிறது. நின்றிருக்கும் படத்தின் மேல் கண் நகர்வதால் விழித்திரையில் அந்தப் படம் தேய்கிறது. பொருளின் முன்விளிம்பும் பின்விளிம்பும் ஒரே அளவுக்கு மங்கினால் அது இந்த வகை. இதைப் பிடிப்பு மங்கல் என்று வைத்துக்கொள்வோம். பிக்சல் கண்ணிமைக்கும் முன் மாறிவிடும் ஓலெட் திரையிலும் இது அப்படியே உண்டு.

கணக்கு எளிது. படம் திரையில் தங்கும் ஒவ்வொரு மில்லி செகண்டுக்கும், செகண்டுக்கு 1000 பிக்சல் வேகத்தில் ஓடும் பொருளில் ஒரு பிக்சல் அகலத்துக்கு மங்கல் ஏறும். 1920 பிக்சல் அகலத் திரையை இரண்டு செகண்டில் கடக்கும் பொருளின் வேகம் செகண்டுக்கு 960 பிக்சல். அது 60 ஹெர்ட்ஸில் 16 பிக்சல் மங்கும், 120-இல் 8, 240-இல் 4, 480-இல் 2. கேமில் ஒரு பெயர்ப்பலகை எழுத்தின் கோடு 2 பிக்சல் தடிமன் இருந்தால், 8 பிக்சல் மங்கலில் அது எழுத்தாகவே மிஞ்சாது.

பிரித்தறிய ஒரு சோதனை. உலாவியில் டெஸ்ட்யூஎஃப்ஓ தளத்தைத் திறந்து, ஓடும் பறக்கும்தட்டைக் கண்ணால் தொடருங்கள். பிறகு திரையின் நடுவில் ஒரு புள்ளியில் பார்வையை அசையாமல் நிறுத்தித் தட்டு கடந்துபோக விடுங்கள். பார்வை நின்றதும் பிடிப்பு மங்கல் மறைந்து, தட்டு தனித்தனிப் படிகளாகத் தாவுவது தெரியும். அப்போதும் பின்னால் மெல்லிய நகல்கள் தொங்கினால் அது பிக்சலின் வால். கைபேசியை அசையாமல் பிடித்து எடுத்த புகைப்படத்திலும் இந்த வால் மட்டுமே பதிவாகும். பிடிப்பு மங்கலைப் படம்பிடிக்க வேண்டுமானால் கேமராவையும் தட்டோடு சேர்த்து நகர்த்த வேண்டும். நின்ற கேமராவில் எடுத்த படத்தைக் காட்டி "இந்த மானிட்டரில் மங்கலே இல்லை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் "1 மில்லி செகண்ட்" குழப்பத்துக்கும் வேர் இதுதான். ஜிடிஜி என்று போட்டிருந்தால் அது பிக்சல் நிறம் மாறும் நேரம், அதுவும் பெரும்பாலும் மிகச் சாதகமான ஒரு மாற்றத்தில், மிகக் கடுமையான ஓவர்டிரைவில் அளந்தது. எம்பிஆர்டி என்று போட்டிருந்தால் படம் கண்ணுக்குத் தங்கும் நேரம். ஸ்ட்ரோபிங் இல்லாத 144 ஹெர்ட்ஸ் திரையில் எம்பிஆர்டி 6.9 மில்லி செகண்டுக்குக் கீழே இறங்கவே முடியாது. ஆகவே அங்கே "எம்பிஆர்டி 1" என்று கண்டால், அது ஸ்ட்ரோபிங் போட்டால் மட்டும் கிடைக்கும் எண் என்று படியுங்கள்.

## செலவே இல்லாமல் முதலில் பார்க்க வேண்டியவை

கேமின் கிராஃபிக்ஸ் மெனுவில் மோஷன் ப்ளர் என்றொரு விளைவு இருக்கும். அதை அணையுங்கள். அது கேமே வேண்டுமென்று பூசும் மங்கல், எந்த மானிட்டராலும் துடைக்க முடியாது.

அடுத்து விண்டோஸின் டிஸ்ப்ளே அமைப்பில் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே பக்கம். 144 ஹெர்ட்ஸ் மானிட்டரைச் செருகியதும் விண்டோஸ் 60-லேயே ஓட்டிக்கொண்டிருப்பது மிகச் சாதாரணம். பட்டியலில் உயர்ந்த எண்ணே காணோம் என்றால் கேபிளையும் போர்ட்டையும் சந்தேகப்படுங்கள். எச்டிஎம்ஐயை விட்டு டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு மாறினாலே பல நேரம் தீர்ந்துவிடும்.

மூன்றாவது, டிஏஏ என்னும் விளிம்பு மழுப்பல். முந்தைய ஃப்ரேம்களைக் கலந்து விளிம்புகளை மென்மையாக்குவதால், அசையும்போது படத்தையே மங்கலாக்குகிறது. நிற்கும்போது கூர்மை, நடந்தால் குழைவு, அதுவும் ஒரு கேமில் மட்டும் என்றால் குற்றவாளி இதுவாகத்தான் இருக்கும்.

## எதைவைத்து எடைபோடுவது

ஒவ்வொரு வழியையும் ஆறு கேள்விகளால் சோதிக்கலாம்.

- படம் கண்ணுக்குத் தங்கும் நேரம் எத்தனை மில்லி செகண்டாகக் குறைகிறது?
- வெளிச்சம் எவ்வளவு போகிறது?
- இன்புட் லேக் (பொத்தானை அழுத்தியது திரையில் தெரியும்வரை ஆகும் தாமதம்) கூடுகிறதா, குறைகிறதா?
- ஒரு மணி நேரம் ஆடினால் கண் தாங்குமா?
- கிராஃபிக்ஸ் கார்டும் பிராசசரும் எத்தனை ஃப்ரேம் கொடுத்தாக வேண்டும்?
- ஃப்ரீசிங்க், ஜி-சிங்க் (கார்டு தரும் ஃப்ரேமுக்கேற்பத் திரையின் ரிஃப்ரெஷ் ரேட்டை மாற்றுபவை), எச்டிஆர் (வெளிச்ச வீச்சைக் கூட்டுவது) போன்றவற்றில் எதை விட்டுக்கொடுக்க வேண்டும்?

இவற்றில் ஐந்தாவதைத்தான் பெரும்பாலானோர் கேட்க மறக்கிறார்கள். முடிவைத் தீர்மானிப்பதும் பெரும்பாலும் அதுவே.

## வழி 1: ஓவர்டிரைவைச் சரியாக வைப்பது

பிக்சல் 50-லிருந்து 120 என்ற நிறத்துக்குப் போக வேண்டும் என்றால், ஒரு கணம் 150-க்கு உரிய மின்னழுத்தத்தைக் கொடுத்து அதை வேகமாகத் தள்ளுவதுதான் ஓவர்டிரைவ். அளவாகத் தள்ளினால் வால் மறையும். அதிகமாகத் தள்ளினால் இலக்கைத் தாண்டிப்போய்த் திரும்பி வரும். அப்போது பொருளுக்குப் பின்னால் கருநிழலுக்குப் பதில் வெளிறிய ஒளிவட்டம் தோன்றும். இந்த ஓவர்ஷூட் சாதாரண வாலைவிடக் கண்ணை உறுத்தும், ஏனென்றால் படத்தில் இல்லாத ஒரு நிறம் அங்கே மின்னுகிறது.

மெனுவில் இதற்குப் பல பெயர்கள்: ஓவர்டிரைவ், ரெஸ்பான்ஸ் டைம், பென்க்யூவில் ஏஎம்ஏ, அசூஸில் ட்ரேஸ்ஃப்ரீ. வைக்கும் முறை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். மானிட்டரை அரை மணி நேரம் ஓடவிட்டுச் சூடாக்குங்கள், குளிர்ந்த படிகம் மெதுவாக மாறும். நீங்கள் உண்மையில் ஆடும் ரிஃப்ரெஷ் ரேட்டை வையுங்கள். டெஸ்ட்யூஎஃப்ஓவின் கோஸ்டிங் சோதனையில் பின்னணி நிறத்தை மாற்றி மாற்றிப் பாருங்கள். மிகக் குறைந்த நிலையிலிருந்து ஒவ்வொரு படியாக ஏற்றி, வெளிறிய வட்டம் முதலில் தெரிந்த இடத்தில் ஒரு படி இறக்குங்கள். பல மானிட்டர்களில் அது நடு நிலையில் வந்து நிற்கும். கடைசி நிலை பெரும்பாலும் பெட்டியில் அச்சடிக்கும் எண்ணுக்காகவே வைக்கப்பட்டது.

மறைந்திருக்கும் சிக்கல் ஃப்ரீசிங்க் போடும்போது தலைகாட்டும். 144 ஹெர்ட்ஸுக்குச் சரியான தள்ளல், ஃப்ரேம் எண்ணிக்கை 60-க்கு விழும்போது அதிகமாகிவிடும். மெதுவான காட்சியில் திடீரென்று ஒளிவட்டங்கள் முளைத்தால் காரணம் அதுதான். ஃப்ரேமுக்கேற்ப ஓவர்டிரைவைத் தானே மாற்றிக்கொள்ளும் வசதி சில மானிட்டர்களில் உண்டு, ஜி-சிங்க் மாட்யூல் உள்ளவை இதற்குப் பெயர்போனவை. அந்த வசதி இல்லையென்றால் ஒரு படி குறைவாக வைத்துக்கொள்வதே நல்லது.

விஏ என்னும் எல்சிடி வகைப் பேனல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கறுப்பிலிருந்து அடர்சாம்பலுக்கு மாறுவதில்தான் மெதுவான விஏ பேனல்கள் திணறும், இருட்டுக் காட்சியில் நிழல்கள் மை தடவியதுபோல் இழுபடும். ஓவர்டிரைவ் இதை முழுதாகத் தீர்ப்பதில்லை. கேமின் காமாவை (இருண்ட பகுதிகளின் வெளிச்ச அமைப்பை) சற்று உயர்த்திக் கறுப்பை அடர்சாம்பலாக்கினால் இழுவை குறையும், கூடவே விஏவின் ஆழ்ந்த கறுப்பும் போகும். வாங்கும்போதே வேகமான பேனலைத் தேர்வதுதான் உண்மையான தீர்வு.

ஓவர்டிரைவ் எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும் 144 ஹெர்ட்ஸின் 6.9 மில்லி செகண்ட் பிடிப்பு மங்கல் அப்படியே நிற்கும். இது எல்லோரும் செய்ய வேண்டிய முதல் வேலை, ஆனால் இதோடு நின்றுவிட்டால் பாதி மங்கலை மட்டுமே தொட்டிருப்போம்.

## வழி 2: ரிஃப்ரெஷ் ரேட்டையும் ஃப்ரேமையும் உயர்த்துவது

| ரிஃப்ரெஷ் ரேட் | ஒரு ஃப்ரேம் தங்கும் நேரம் (மில்லி செகண்ட்) |
|---|---|
| 60 ஹெர்ட்ஸ் | 16.7 |
| 120 ஹெர்ட்ஸ் | 8.3 |
| 144 ஹெர்ட்ஸ் | 6.9 |
| 165 ஹெர்ட்ஸ் | 6.1 |
| 240 ஹெர்ட்ஸ் | 4.2 |
| 360 ஹெர்ட்ஸ் | 2.8 |
| 480 ஹெர்ட்ஸ் | 2.1 |

எண்கள் மேலே போகப் போக லாபம் சுருங்குவதைப் பாருங்கள். 60-லிருந்து 120-க்குப் போனால் 8.3 மில்லி செகண்ட் மிச்சம். 144-லிருந்து 165-க்குப் போனால் ஒன்றுக்கும் குறைவுதான். அந்த வித்தியாசத்துக்காக மானிட்டர் மாற்றுவதில் பொருளே இல்லை. கண்ணுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டுமென்றால் எண்ணை ஏறக்குறைய இரட்டிப்பாக்குங்கள்: 60 என்றால் 120 அல்லது 144, 120 என்றால் 240, 240 என்றால் 480.

இந்த வழியின் பெரிய பலம், பக்கவிளைவு இல்லை. வெளிச்சம் குறையாது, மினுக்கம் வராது, ஃப்ரீசிங்கும் எச்டிஆரும் அப்படியே வேலை செய்யும், இன்புட் லேக் குறையும். கண் சோர்வு பற்றிக் கவலைப்படுகிறவர்கள் வேறெதையும் யோசிக்காமல் இதைத் தேர்வு செய்யலாம்.

ஆனால் ஃப்ரேம் வந்தால்தான் பலன். 240 ஹெர்ட்ஸ் திரையில் கேம் 90 ஃப்ரேம் மட்டும் கொடுத்தால் ஒவ்வொரு ஃப்ரேமும் 11.1 மில்லி செகண்ட் தங்குகிறது, அதாவது 90 ஹெர்ட்ஸ் மங்கல். ஆகவே மறைந்த செலவு மானிட்டரின் விலையில் இல்லை, அதற்குப் பின்னால் வரும் கார்டு, பிராசசர் விலையில் இருக்கிறது. 200-க்கு மேல் ஃப்ரேம் தேவைப்படும்போது பெரும்பாலும் தடையாவது பிராசசர்தான். கிராஃபிக்ஸ் அமைப்புகளைக் குறைத்தும் ஃப்ரேம் ஏறவில்லை என்றால் கார்டை மாற்றிப் பயனில்லை. மானிட்டர் வாங்கும் முன் உங்கள் கேமில் ஃப்ரேம் எண்ணிக்கையைக் கால் மணி நேரம் பதிவுசெய்து பாருங்கள். சராசரி அல்ல, மிக மோசமான ஒரு சதவீத ஃப்ரேம்கள் எங்கே விழுகின்றன என்பதே முக்கியம்.

இன்னொரு பொறி: 240 ஹெர்ட்ஸ் பேனலில் எல்லா நிறமாற்றங்களும் 4.2 மில்லி செகண்டுக்குள் முடிந்தாக வேண்டும். முடியாத பேனலில் புது ஃப்ரேம் வரும்போது பழையது இன்னும் மாறிக்கொண்டிருக்கும், வாங்கிய ஹெர்ட்ஸில் ஒரு பங்கு வாலாகவே வீணாகும்.

உண்மை ஃப்ரேம்களுக்கு நடுவே கார்டே புது ஃப்ரேம்களை உருவாக்கும் ஃப்ரேம் ஜெனரேஷனுக்கும் இங்கே இடமுண்டு. என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் 3 2022-இலும், ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் 3 2023-இலும் வந்தன. 2025-இல் வந்த டிஎல்எஸ்எஸ் 4, ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக் கார்டுகளில் ஒரு உண்மை ஃப்ரேமுக்கு மூன்று வரை இட்டுக்கட்டுகிறது. "போலி ஃப்ரேம்" என்று இதை ஒதுக்குபவர்கள் உண்டு. மங்கலைப் பொறுத்தவரை அது போலியே அல்ல. 70 ஃப்ரேம் 140 ஆனால் படம் தங்கும் நேரம் உண்மையிலேயே பாதியாகிறது. குறையாதது இன்புட் லேக், அது சற்றுக் கூடவே செய்யும். அடிப்படை ஃப்ரேம் 60-க்குக் கீழே இருந்தால் கை கனப்பதுபோல் தெரியும், பாத்திரத்தின் விளிம்பிலும் திரை ஓர எண்களிலும் படம் நெளியும். தனியாக ஆடும் கதை கேம்களுக்கு நல்ல துணை. போட்டி ஷூட்டருக்கு வேண்டாம்.

## வழி 3: பேக்லைட் ஸ்ட்ரோபிங்

ஃப்ரேம் எண்ணிக்கையைக் கூட்டாமலேயே தங்கும் நேரத்தைக் குறைக்கும் வழி இது. பிக்சல்கள் மாறிக்கொண்டிருக்கும்போது பேக்லைட்டை அணைத்து, மாறி முடிந்ததும் ஒரு கணம் மட்டும் மின்னவிடுவது. கண் பார்ப்பது அந்த மின்னலை மட்டுமே. மின்னல் 1 மில்லி செகண்ட் என்றால், 120 ஹெர்ட்ஸில் ஆடினாலும் மங்கல் 1000 ஹெர்ட்ஸ் திரைக்கு உரியது. செகண்டுக்கு 960 பிக்சல் ஓடும் பெயர்ப்பலகையை அப்படியே வாசிக்கலாம். முதன்முறை பார்ப்பவர்கள் வியந்துபோகும் அளவுக்கு வித்தியாசம் தெரியும்.

2011-இல் என்விடியா முப்பரிமாணக் கண்ணாடிகளுக்காகக் கொண்டுவந்த லைட்பூஸ்ட்டை இரு பரிமாண கேம்களுக்குத் திருப்பிப் பயன்படுத்தியதில்தான் கேமர்கள் இதன் சுவையைக் கண்டார்கள். இன்று இதே நுட்பம் யுஎல்எம்பி, டயாக், இஎல்எம்பி, எம்பிஆர், விஆர்பி, ப்யூர்எக்ஸ்பி எனப் பல பெயர்களில் மானிட்டர் மெனுக்களில் இருக்கிறது. நுட்பம் ஒன்றே என்றாலும் தரம் மாடலுக்கு மாடல் மாறும். விலை அதிகமான மானிட்டரிலும் பெயருக்கு ஒட்டவைத்த ஸ்ட்ரோபிங் இருப்பதுண்டு.

விலையாகக் கொடுக்க வேண்டியவை பல.

வெளிச்சம். 120 ஹெர்ட்ஸில் ஒரு சுற்று 8.3 மில்லி செகண்ட். அதில் 1 மில்லி செகண்ட் மட்டும் எரிந்தால் 12 சதவீத வெளிச்சம். 400 நிட்ஸ் (நிட்ஸ் என்பது திரை வெளிச்சத்தின் அலகு) பேனல் 48 நிட்ஸுக்கு இறங்கிவிடும். மின்னும் நேரத்தில் எல்இடிக்குக் கூடுதல் மின்னோட்டம் கொடுத்து இதை ஈடுகட்டும் மானிட்டர்களே வாங்கத் தக்கவை. மின்னல் அகலத்தை மாற்ற மெனுவில் இடமிருந்தால் 2 மில்லி செகண்ட் அளவில் தொடங்குங்கள். அகலத்தைப் பாதியாக்கினால் மங்கலும் பாதி, வெளிச்சமும் பாதி.

மினுக்கம். 60 ஹெர்ட்ஸில் எல்லோருக்கும் தெரியும். 100-க்கு மேல் பலருக்குத் தெரியாது, ஆனால் கண்ணுக்குத் தெரியாமலே ஒரு மணி நேரத்தில் தலைவலி வருகிறவர்கள் உண்டு. ஒற்றைத் தலைவலியோ ஒளியால் தூண்டப்படும் வலிப்போ இருப்பவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

இரட்டைப் படம். 120 ஹெர்ட்ஸ் ஸ்ட்ரோபிங்கில் கேம் 60 ஃப்ரேம் கொடுத்தால் ஒவ்வொரு ஃப்ரேமும் இருமுறை மின்னும். இரண்டு மின்னலுக்கும் இடையில் கண் நகர்ந்துவிட்டதால் இரண்டு நகல் தெரியும். செகண்டுக்கு 960 பிக்சல் வேகத்தில் அவை சரியாக 8 பிக்சல் தள்ளி நிற்கும், இரண்டும் கூர்மையாக. மங்கலைவிட இது மோசம். ஆகவே ஸ்ட்ரோபிங்கின் முதல் விதி: ஃப்ரேமும் ஹெர்ட்ஸும் ஒன்றாக இருக்க வேண்டும், எப்போதும்.

கிராஸ்டாக். திரை மேலிருந்து கீழாக எழுதப்படுகிறது, பேக்லைட்டோ பொதுவாக ஒரே நேரத்தில் முழுதாக மின்னுகிறது. நடுப்பகுதிக்கு ஏற்ப மின்னலை வைத்தால், கீழ்ப்பகுதிப் பிக்சல்கள் இன்னும் மாறி முடித்திருக்காது, மேல்பகுதியில் அடுத்த ஃப்ரேம் எழுதத் தொடங்கியிருக்கும். நடுவில் தெளிவு, மேலும் கீழும் இரட்டை நிழல்.

இதற்கு நல்ல மருந்து, மானிட்டரின் உச்சத்தைவிடக் குறைவான ஹெர்ட்ஸில் ஓட்டுவது. 240 ஹெர்ட்ஸ் மானிட்டரை 120-இல் ஸ்ட்ரோப் செய்தால் பிக்சலுக்கு அவகாசம் கூடும். அதோடு வெர்டிகல் டோட்டலையும், அதாவது படத்தின் வரிகளோடு திரையில் தெரியாத வரிகளும் சேர்ந்த மொத்தத்தையும் உயர்த்தலாம். 1080 வரித் திரையில் வழக்கமான மொத்த வரிகள் 1125. 120 ஹெர்ட்ஸில் படம் எழுதவே 8 மில்லி செகண்ட் போய்விடும், மிச்சம் 0.3. கஸ்டம் ரெசல்யூஷன் யுடிலிட்டி என்னும் மென்பொருளில் மொத்த வரிகளை 2200 ஆக்கினால் எழுதுவது 4.1 மில்லி செகண்டில் முடிந்து, பிக்சல் மாறி நிலைபெற 4.2 கிடைக்கும். ஒரேயடியாகத் தாவாமல் 100 வரிகளாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் டெஸ்ட்யூஎஃப்ஓவின் கிராஸ்டாக் சோதனையைப் பாருங்கள். திரை கறுத்துவிட்டால் பயப்பட வேண்டாம். விண்டோஸை சேஃப் மோடில் தொடங்கி, அந்த மென்பொருளோடு வரும் ரீசெட்-ஆல் கோப்பை ஓட்டினால் பழைய நிலை திரும்பும். சிக்னலைத் தன்னிடம் சேமித்துத் தன் வேகத்திலேயே எழுதும் மானிட்டர்களில் இந்த உத்தி பலிக்காது.

சிவப்பு வால். அகன்ற நிறவெளி கொண்ட பல மானிட்டர்களின் எல்இடியில் கேஎஸ்எஃப் என்னும் சிவப்பு பாஸ்பர் (ஒளிரும் பூச்சுப் பொருள்) இருக்கிறது. நீலமும் பச்சையும் உடனே அணைய, இந்தச் சிவப்பு மட்டும் சில மில்லி செகண்ட் கனன்று அணைகிறது. ஸ்ட்ரோபிங்கில் வெள்ளைப் பொருளின் விளிம்பில் செந்நிறக் கீற்றாகத் தெரியும். எந்த மெனுவாலும் தீராது. வாங்கும் முன் விமர்சனங்களில் தேட வேண்டியது இது.

ஃப்ரீசிங்க், எச்டிஆர். பெரும்பாலான மானிட்டர்களில் ஸ்ட்ரோபிங் போட்டதும் இவை இரண்டும் அணைந்துவிடும். ஃப்ரேம் இடைவெளி மாறினால் மின்னல் இடைவெளியும் மாறும், வெளிச்சம் ஏறி இறங்கும். இஎல்எம்பி சிங்க் போன்றவை இரண்டையும் சேர்க்க முயன்றவை. பேக்லைட்டைப் பட்டைகளாகப் பிரித்து மேலிருந்து கீழாக வரிசையாக மின்னவிடும் ஜி-சிங்க் பல்சரை என்விடியா 2024-இல் அறிவித்தது. கிராஸ்டாக்கையும் மாறும் ஃப்ரேமையும் ஒன்றாகக் கையாளும் சரியான திசை அதுதான்.

இன்புட் லேக். பிக்சல் மாறி முடியும்வரை படம் இருட்டில் காத்திருப்பதால் சராசரியாக அரை ஃப்ரேம் அளவு தாமதம் கூடும், 120 ஹெர்ட்ஸில் சுமார் 4 மில்லி செகண்ட். அதைவிடப் பெரிய தாமதம், ஃப்ரேமைத் திரையின் ரிஃப்ரெஷோடு பூட்டப் போடும் வி-சிங்க் என்னும் அமைப்பால் வருவது.

அதனால் அமைக்கும் வரிசை இப்படி இருக்கட்டும். எச்டிஆரையும் ஃப்ரீசிங்கையும் அணையுங்கள். கேம் ஒருபோதும் கீழே இறங்காத ஃப்ரேம் எண்ணிக்கையைக் கண்டுபிடித்து, அதற்கு அருகிலுள்ள ஹெர்ட்ஸை வையுங்கள், 100-க்குக் குறையாமல். ஸ்ட்ரோபிங்கை இயக்குங்கள். வி-சிங்கைப் போட்டு, ரிவாட்யூனர் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் சர்வர் என்னும் மென்பொருளில் ஃப்ரேம் வரம்பை உண்மையான ரிஃப்ரெஷ் ரேட்டுக்கு 0.01 குறைவாக வையுங்கள். டெஸ்ட்யூஎஃப்ஓ அந்த உண்மை எண்ணைத் தசமப்புள்ளியோடு காட்டும். இந்தச் சிறிய குறைவு வி-சிங்க் வரிசையில் ஃப்ரேம்கள் தேங்காமல் பார்த்துக்கொள்கிறது, மவுஸ் இழுவை பெருமளவு குறையும்.

## வழி 4: மென்பொருள் கருப்பு ஃப்ரேம்

60 ஃப்ரேமில் பூட்டப்பட்ட பழைய கேம்களை எமுலேட்டரில் (பழைய கேம் கருவியைக் கணினியில் போலச் செய்யும் மென்பொருளில்) ஆடுபவர்களுக்கானது. அத்தகைய மென்பொருளான ரெட்ரோஆர்க்கில் கருப்பு ஃப்ரேம் வசதி உண்டு. 120 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃப்ரேம் படம், ஒரு ஃப்ரேம் கறுப்பு. மங்கல் பாதி, வெளிச்சமும் பாதி, 60 ஹெர்ட்ஸ் மினுக்கம் உறுதி.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஆபத்து ஒன்று இதில் இருக்கிறது. எல்சிடி பிக்சல் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் மின்னழுத்தத்தின் திசையை மாற்றிக்கொள்ளும். 120-இல் படம் எப்போதும் ஒரே திசை முறையிலேயே வந்து விழுவதால் மின்னேற்றம் ஒருபக்கம் சேர்ந்து, பழைய படத்தின் தழும்பு திரையில் தங்கும். நிரந்தரமல்ல, ஆனாலும் மணிக்கணக்கில் நீடிக்கலாம். 240-இலும் இதே கதை. 180 ஹெர்ட்ஸில் ஒரு படம், இரண்டு கறுப்பு என்று வைத்தால் திசை தானாக மாறி மாறி வரும், தழும்பு வராது, தங்கும் நேரம் 5.6 மில்லி செகண்டாகும். பழைய குழாய்த் திரையின் கதிர் நகர்வைப் போலச் செய்யும் ஷேடர் (படத்தை மாற்றும் சிறு நிரல்) ஒன்றை டெஸ்ட்யூஎஃப்ஓவை உருவாக்கிய மார்க் ரெஜானும் கிராஃபிக்ஸ் பொறியாளர் டிமோதி லாட்டிஸும் 2024 இறுதியில் வெளியிட்டார்கள். கருப்பு ஃப்ரேமைவிட மினுக்கம் மென்மையாக இருக்கும், 240-உம் அதற்கு மேலும் உள்ள திரைகளில் சோபிக்கும்.

## ஒரே பார்வையில்

| | ஓவர்டிரைவ் | கூடுதல் ஹெர்ட்ஸ் | ஸ்ட்ரோபிங் | கருப்பு ஃப்ரேம் |
|---|---|---|---|---|
| எதைக் குறைக்கிறது | பிக்சல் வால் | பிடிப்பு மங்கல் | பிடிப்பு மங்கல் | பிடிப்பு மங்கல் |
| எட்டக்கூடிய தங்கும் நேரம் (மில்லி செகண்ட்) | மாறாது | 240-இல் 4.2 | 1 முதல் 2 | 180-இல் 5.6 |
| வெளிச்சம் | மாறாது | மாறாது | பெரிதும் குறையும் | பாதி அல்லது அதற்கும் கீழ் |
| கண் சோர்வு | இல்லை | இல்லை | ஆளைப் பொறுத்தது | அதிகம் |
| ஃப்ரேம் தேவை | இல்லை | ஹெர்ட்ஸ் அளவுக்கு | ஒருபோதும் விழாத பூட்டு | 60 போதும் |
| ஃப்ரீசிங்க் | உண்டு, கவனம் தேவை | உண்டு | பெரும்பாலும் இல்லை | இல்லை |

## யாருக்கு எது

போட்டி ஷூட்டர் ஆடுகிறீர்கள், கணினி 240-க்கு மேல் ஃப்ரேம் கொடுக்கிறது என்றால், 240 அல்லது 360 ஹெர்ட்ஸ் ஐபிஎஸ் அல்லது டிஎன் (எல்சிடியின் வேறு இரு வகைகள்) பேனல் வாங்குங்கள். ஸ்ட்ரோபிங் தரமான மாடலாகவே தேடுங்கள். எதிரியின் மேல் குறுக்குக்குறியை வைத்துச் சுடும்போது துப்பாக்கி உலுக்கும் அதிர்வில் இலக்கு தெளிவாகத் தெரிவது அதனால்தான். ஆனால் குறுக்குக்குறியையே பார்த்தபடி ஆடுபவருக்கு, கண் எதையும் தொடராததால், ஸ்ட்ரோபிங்கின் பலன் குறைவு. அவர்களுக்கு வெறும் ஹெர்ட்ஸே போதும்.

பெரிய திறந்தவெளிக் கதை கேம்கள், ஃப்ரேம் 60-க்கும் 110-க்கும் இடையில் ஏறி இறங்குகிறது என்றால் ஸ்ட்ரோபிங்கை மறந்துவிடுங்கள், இரட்டைப் படம்தான் மிஞ்சும். ஃப்ரீசிங்க், நடு ஓவர்டிரைவ், வேண்டுமானால் ஃப்ரேம் ஜெனரேஷன். இந்த நிலையில் இருப்பவர் 144-லிருந்து 240 மானிட்டருக்கு மாறுவதைவிடக் கார்டை மாற்றுவதே மேல்.

கார் பந்தயம், பின்பால், பக்கவாட்டில் ஓடும் பிளாட்ஃபார்மர் போன்றவற்றில் கண் எப்போதும் எதையாவது தொடர்ந்துகொண்டே இருக்கும். இவற்றின் ஃப்ரேம் தேவையும் குறைவு, 120-இல் எளிதாகப் பூட்டலாம். ஸ்ட்ரோபிங் உண்மையில் பிறந்தது இவற்றுக்காகத்தான் என்று தோன்றும். அறையின் விளக்கை மட்டும் தணித்துக்கொள்ளுங்கள்.

வேலைக்கும் விளையாட்டுக்கும் ஒரே மானிட்டர், பகலெல்லாம் எழுத்து வாசிப்பு என்றால் ஹெர்ட்ஸை நம்புங்கள். ஸ்ட்ரோபிங் வைத்திருந்தாலும் கேமுக்கு மட்டும் போடுங்கள். மெனுவில் அதற்கென்று ஒரு ப்ரொஃபைலைச் சேமித்து, ஒரு பொத்தானில் மாற்றும்படி வைத்தால் மறக்காமல் அணைப்பீர்கள்.

எதை வாங்கினாலும் திருப்பிக்கொடுக்கும் கெடு முடிவதற்குள் மூன்றைச் சோதித்துவிடுங்கள். சூடான திரையில் ஒவ்வொரு ஓவர்டிரைவ் நிலையிலும் ஒளிவட்டம், ஸ்ட்ரோபிங்கில் திரையின் மேல், நடு, கீழ் மூன்று இடத்திலும் இரட்டை நிழல், கறுப்புப் பின்னணியில் ஓடும் வெள்ளைப் பெட்டியின் விளிம்பில் சிவப்பு. கடைசி இரண்டில் எது கண்ணை உறுத்தினாலும் ஃபர்ம்வேர் வந்து சரியாகும் என்று காத்திருக்காமல் திருப்பிக்கொடுங்கள்.